கால்சியம் இல்லாத தண்ணீர்

அக்டோபர் 3, வியாழன்

இந்த நோட்டு வாங்கக் காரணம் எங்கள் ஆய்வகத் தலைவர் நிஷா மேடம். ஆய்வகக் குறிப்பேட்டில் நேற்று நான், "சனியன் பிடித்த மிஷின் இன்றும் மக்கர்" என்று எழுதியிருந்தேன். மேடம் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, ஆய்வகக் குறிப்பேட்டுக்குத் தேதி, அளவு, முடிவு மூன்றும் போதும், சனியனுக்குத் தனி நோட்டு வாங்கிக்கொள் என்றார். வாங்கிவிட்டேன். காந்திபுரத்தில், அட்டையில் கிளி படம் போட்டது.

என் பெயர் மங்கையர்க்கரசி. அரசி என்று கூப்பிடுவார்கள். கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையின் மூன்றாவது மாடி ஆய்வகத்தில் நான்கு வருடமாக வேலை. என்னை எனக்கே அறிமுகம் செய்துகொள்வது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் புது நோட்டின் முதல் பக்கம் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா?

எங்கள் வேலை ஒரு சின்னப் புரதத்தைப் பற்றியது. விழித்திரையின் செல்களில் இருக்கிறது. கால்சியத்தை உணர்வதுதான் அதற்கு இட்ட பணி. இருட்டில் செல்லுக்குள் கால்சியம் நிறைய இருக்கும். புரதம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் கால்சியம் குறையும், கை காலியாகும். உடனே புரதம் எழுந்து பக்கத்திலிருக்கும் நொதியை முடுக்கிவிடும். நொதி ஓடினால்தான் செல் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த காட்சிக்குத் தயாராகும். நாம் பார்த்துக்கொண்டே இருப்பது இப்படித்தான்.

இப்போது எங்கள் கையில் இருக்கும் கேஸ் மரகதம் என்பவருடையது. வயது நாற்பத்து நான்கு. திருப்பூரில் பதினாறு வருடம் சாயப்பட்டறையில் ஷேடு பார்த்தவர். ஆர்டர் கொடுத்தவர் அனுப்பிய துண்டுத் துணியின் நிறமும் பட்டறையில் சாயமேறி வந்த துணியின் நிறமும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் வேலை. முப்பத்தாறு வயதில் அவருக்கு வெயில் கூச ஆரம்பித்தது. பிறகு நிறங்கள் ஒவ்வொன்றாக மங்கின. இப்போது சிவப்பும் பழுப்பும் அவருக்கு ஒன்றுதான். சாயம்தான் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று ஊரில் எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

நாங்கள் பார்த்தபோது அவருடைய ஜீனில், அந்தப் புரதத்துக்கான இடத்தில், ஓர் எழுத்து மாறியிருந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் இந்த மாற்றம் பதிவானதில்லை. எனவே இதுதான் குற்றவாளியா, அந்தப் பக்கமாகச் சும்மா போன ஆளா என்று சொல்ல முடியாது. மாறிய புரதத்தால் கால்சியத்தைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை, அதனால் இருட்டிலும் நொதியை விரட்டிக்கொண்டே இருக்கிறது, ஓய்வில்லாமல் செல் செத்துப்போகிறது என்பது எங்கள் சந்தேகம். அதை நிரூபிப்பது என் பொறுப்பு.

அவசரம் மகளுக்காக. இன்பவல்லி, இருபத்தோரு வயது, துணிச்சாய வேதியியல் படித்தவள். திருப்பூரில் பெரிய டையிங் கம்பெனி ஒன்றில் அம்மா பார்த்த அதே ஷேடு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. நவம்பர் நான்காம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வந்தது தனக்கும் வருமா என்று தெரியாமல் எப்படிச் சொல்வாள்? ரத்தம் கொடுத்திருக்கிறாள். இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் சோதனை செய்தது நான்தான். முடிவு எனக்குத் தெரியும். மாற்றம்தான் நோய்க்குக் காரணம் என்று உறுதியாகாதவரை அதை அவளிடம் சொல்லக்கூடாது என்பது விதி. காரணமே அது இல்லையென்றால், இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு என்ன பயன்? இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

மதியம் கேன்டீனில் கேசரி இரண்டு தட்டு சாப்பிட்டேன். காரணம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

நல்ல புரதத்தை வைத்து ஒத்திகை. கால்சியம் இல்லாத குழாயில் நொதி குதித்து ஓடியது. கால்சியம் போட்ட குழாயில் பெட்டிப் பாம்பாக அடங்கியது. புத்தகத்தில் இருப்பதுபோலவே.

மாறிய புரதம் ஏழு குழாய்களில் ஃப்ரீசரில் இருக்கிறது. ஒரு சோதனைக்கு ஒரு குழாய். தீர்ந்தால் மறுபடி செய்ய மூன்று வாரம் ஆகும். அதற்குள் நவம்பர் நான்கு வந்து போய்விடும். ஏழு தாராளம் என்றேன் மேடத்திடம்.

கால்சியம் இல்லாத தண்ணீர் என்று சுலபமாக எழுதிவிட்டேன். கால்சியம் எங்கேதான் இல்லை? குழாய்த் தண்ணீரில், கண்ணாடிக் குடுவையில், சுவரில், நம் வியர்வையில். அதனால் எங்கள் சோதனையில் கண்ணாடிச் சாமானே கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக். அவற்றைக் கழுவித் தருவது அருக்காணி அக்கா, பத்தொன்பது வருட சர்வீஸ். தண்ணீரை ரெசின் வழியாகச் சொட்டுச்சொட்டாக இறக்கி, கால்சியத்தை உருவி எடுத்துவிட்டு, பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பிடித்து வைப்பது நான். அந்தக் கேனை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. நிஷா மேடம் உட்பட.

அக்டோபர் 9, புதன்

அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட வந்த இன்பவல்லியைக் கேன்டீனில் பார்த்தேன். பார்க்காததுபோல வடை வாங்கப் போனேன். பின்னாலேயே வந்துவிட்டாள். ரிசல்ட்டைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்தேன். அவள் என் சுடிதாரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, டாப்புக்கும் ஷாலுக்கும் அரை ஷேடு இடிக்குதுங்க, என்றாள். இரண்டு வருடமாகப் போடுகிறேன். ஒருத்தர் சொன்னதில்லை. ஜன்னலோரம் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அரை ஷேடு இடிக்கத்தான் செய்கிறது.

மரகதம் கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். மகள் என் டாப்புக்கும் ஷாலுக்கும் உள்ள சண்டையைப் போய்ச் சொன்னதும் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே, அந்த வேலை உனக்கு வேண்டாம் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் வடையோடு மாடிக்கு வந்துவிட்டேன். எனக்கென்ன வந்தது? இதுபோல எத்தனை குடும்பம் வருகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கருவி எதையும் இன்று இயக்கக்கூடாது என்பது எங்கள் ஆய்வக வழக்கம். ஃப்ரீசருக்கு மட்டும் விதிவிலக்கு.

அருக்காணி அக்கா தரையைத் தேய்த்துக் கழுவி வாசலில் மாவிலை கட்டினார். பூஜைப் பொறுப்பு என்னுடையது, நான்கு வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. விபூதியைக் குழைத்து சென்ட்ரிஃபியூஜுக்கு மூன்று விரலால் பட்டை, நடுவில் சந்தனம், மேலே குங்குமம். பிப்பெட்டுகளை வரிசையாகப் படுக்கவைத்து ஆளுக்கொரு பொட்டு. கடைசியில் தண்ணீர்க் கேன் கண்ணில் பட்டது. இந்த ஆய்வகத்தில் அதைவிடப் பெரிய ஆயுதம் எது? அதன் மூடிமேலும் விபூதியை எடுத்துக் கொஞ்சம் அழுத்தியே மூன்று பட்டை இழுத்தேன். அருக்காணி அக்கா என்னவோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் மேடம் வந்துவிட்டார்.

அலாரம் அடிக்கும் என்பதால் கற்பூரம் வாசலுக்கு வெளியேதான். ரஹ்மத் நிஷா மேடம் பொரி-கடலையை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். வருடம் முழுக்க இந்த ஒரு நாளுக்குத்தான் ஆய்வகம் நடத்துகிறேன் என்றார். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

அக்டோபர் 12, சனி

மறுபூஜை. எல்லாவற்றையும் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்தேன். திங்களன்று நிஜச் சோதனை.

அக்டோபர் 14, திங்கள்

நல்ல புரதம், கால்சியம் இல்லாத குழாயில், பாதிதான் ஓடியது. லீவு முடிந்து வந்த அலுப்போ என்னவோ. மீதி ஆறு.

அக்டோபர் 16, புதன்

ஓடவே இல்லை. சனியன். ஐந்து.

அக்டோபர் 18, வெள்ளி

மறுபடியும் அதே. மாறிய புரதம் மட்டும் கால்சியம் போட்டாலும் போடாவிட்டாலும் ஜோராக ஓடுகிறது, அதாவது நாங்கள் சந்தேகித்தபடியே. ஆனால் ஓட வேண்டிய நல்ல புரதமே ஓடாதபோது இந்தச் சோதனையை யார் நம்புவார்கள்? எங்கிருந்தோ கால்சியம் உள்ளே வருகிறது என்றார் மேடம். என் தண்ணீரில் வர வாய்ப்பே இல்லை என்றேன்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த வாரம் சிறுவாணித் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை, போர் தண்ணீரைத்தான் திறந்துவிட்டார்கள். போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளை படிகிற ரகம். அருக்காணி அக்கா கடைசி அலசலையும் அதிலேயே முடித்திருப்பார். போய்க் கேட்டேன். கேட்டேன் என்றா எழுதினேன்? கத்தினேன். கடைசி மூன்று அலசலும் காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, "சரிங்க மேடம்" என்றார்.

நான்கு வருடமாக அவர் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

நான்கு குழாய் மீதி.

அக்டோபர் 21, திங்கள்

பாட்டில்களை நானே கழுவினேன். இடுப்பு கழன்றுவிட்டது. சோதனை ஓடவில்லை. மூன்று.

மாலை இன்பவல்லி போன் செய்தாள். கம்பெனிக்கு வரவில்லை என்று கடிதம் எழுதிவிட்டாளாம், அனுப்பத்தான் மனசு வரவில்லையாம். அம்மா தினமும் அழுகிறார்களாம். நாற்பது வயதில் நிறம் தெரியாமல் போய் நிற்பதற்கு, இப்போதே ஒரு கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விடலாமா என்று என்னைக் கேட்டாள். ஒரே ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லிவிட்டு, நாளைக்கு அது பொய்யென்று ஆனால்? கடிதத்தைப் பத்து நாள் அனுப்பாமல் வை என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். போனை வைத்த பிறகு கேனுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்னொரு முறை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு. ஊகூம். இரண்டே குழாய் மீதி. இனி காரணம் தெரியாமல் ஃப்ரீசரைத் திறக்கக்கூடாது என்று மேடம் உத்தரவு போட்டுவிட்டார்.

கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்று எங்களிடம் உண்டு. முதலிலேயே அதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் யார்மேலாவது பழி போடுவது அதைவிடச் சீக்கிரமாக முடிந்துவிடுகிறது. இன்று மதியம் முழுக்கப் பார்த்தேன். அருக்காணி அக்கா கழுவிய பாட்டில்கள்: ஒளி இல்லை. குழாய்கள்: இல்லை. உப்புக் கரைசல்கள்: லேசாக. அவற்றைக் கரைத்தது என் தண்ணீரில். கேன் தண்ணீர்: பளீரென்று பச்சை.

நாளைக்குப் புதுத் தண்ணீர் இறக்குகிறேன். ரெசின் கெட்டுப்போயிருக்கும். அதை விற்ற ஆளுக்கு நாலு வார்த்தை எழுத வேண்டும்.

அக்டோபர் 23, புதன்

ரெசின் கெடவில்லை.

காலையில் ரெசினிலிருந்து சொட்டிய தண்ணீரை அங்கேயே பிடித்துப் பார்த்தேன். ஒளி துளிகூட இல்லை. கேனை மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகி, நன்றாகக் குலுக்கிவிட்டு, சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பச்சை. அரை மணி நேரம் கேனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேன் சுத்தம், தண்ணீர் சுத்தம். நடுவில் இருப்பது மூடி ஒன்றுதான்.

மூடியைக் கவிழ்த்தேன். மேலே ஒரு சின்னக் காற்றுத் துளை உண்டு, அதை அடைக்க ஒரு குமிழ். குமிழைப் பிடுங்கினேன். துளையைச் சுற்றியும் உள்பக்கத் திருகு மரைகளிலும் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுத்து முகர்ந்தேன். கமகமவென்று வாசனை.

பழனி விபூதி.

சாணத்தைச் சுட்ட சாம்பல். அதில் கால்சியம் இல்லாமல் பின்னே என்ன இருக்கும்? இதே கையால், அழுத்தி, மூன்று பட்டை. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தபோது மேலே இருந்ததையெல்லாம் கரைத்து நானே துளைக்குள் இறக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறை கேனைச் சாய்த்தபோதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கலந்திருக்கிறது.

ஐந்து குழாய்களை நான்தான் கொன்றிருக்கிறேன். யாரையும் தொட விடாத கேன் அது.

அக்டோபர் 24, வியாழன்

முதலில் அருக்காணி அக்காவிடம் போனேன். மேடத்தைவிட அவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தப்பு என்மேல்தான், அன்றைக்குக் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கழுவிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. என்ன தப்பு என்று கேட்டார். விபூதி என்றேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"மூடி மேல பூசுனப்பவே கேக்கோணும்னு நெனச்சனுங்க. தண்ணிக்குள்ள உளுந்துருமேன்னு. சாமி காரியமாச்சேன்னு உட்டுட்டேன்."

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை என் பக்கம் நகர்த்தி, குடி கண்ணு, ஆறிப்போகுது என்றார். அந்தக் கண்ணுவுக்காக நான் இன்னொரு முறைகூட மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

மேடத்திடம் நின்றுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொரி மூணு தடவை தின்னவ நான், எனக்கும் இதுல பங்கு இருக்கு, என்றார். பிறகு அடுத்த வருடத்துக்குச் சட்டம் போட்டார்: கேனுக்கும் பொட்டு வைக்கலாம், ஆனால் ஸ்டிக்கர் பொட்டு.

புதுக் கேன், புது மூடி, புதுத் தண்ணீர். கரைசல்கள் எல்லாம் முதலிலிருந்து. நாளை, நாளை மறுநாள் அந்த வேலைதான்.

அக்டோபர் 28, திங்கள்

ஓடியது.

நல்ல புரதம், கால்சியம் இல்லாதபோது ஓடியது, போட்டதும் நின்றது. மாறிய புரதம், கால்சியம் இல்லாதபோது ஓடியது, போட்ட பிறகும் ஓடியது, இன்னும் போட்டும் ஓடியது, பத்து மடங்கு போட்ட பிறகுதான் கொஞ்சம் யோசித்தது. குற்றவாளி அதுதான். ஒரு புரதம் கெட்டது என்று உறுதியானதற்காக மூன்று பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

அருக்காணி அக்காவுக்கு வரைபடம் புரியவில்லை என்றார். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுது அக்கா என்றேன். எங்க வீட்டுக்காரரு மாதிரி, என்றார்.

அக்டோபர் 29, செவ்வாய்

கடைசிக் குழாய். நேற்றையபடியே, கோடு கோட்டின்மேல் உட்கார்ந்தது. மேடம் கையெழுத்துப் போட்டு, அறிக்கையைக் கண் டாக்டரிடம் கொடுக்கத் தானே மாடியிறங்கிப் போனார். நாளை மதியம் தாயையும் மகளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தீபாவளிக்கு எனக்கு இன்னும் துணி எடுக்கவில்லை. எடுத்தால் டாப்பும் ஷாலும் ஒரே ஷேடாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் கையில் பட்டாசுப் பை. அவர்கள் வருவார்களா என்றே சந்தேகமாக இருந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவைச் சொல்லும் அறையில் ஆய்வகத்து ஆட்களுக்கு இடம் கிடையாது. டாக்டர்தான் சொல்வார். மரகதம்தான், சோதனை செய்த பொண்ணும் இருக்கட்டும் என்று கேட்டாராம். போய்க் கதவோரமாக நின்றேன்.

டாக்டர் முதலில் மரகதத்தின் முடிவைச் சொன்னார். கருவிலேயே வந்த மாற்றம், அதுதான் கண்ணுக்குக் காரணம், இப்போது உறுதியாகிவிட்டது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்ப சாயம் இல்லீங்களா?"

டாக்டரைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று தலையை அசைத்தார். இல்லைங்க, நீங்கள் பட்டறைப் பக்கமே போகாமல் வீட்டில் இருந்திருந்தாலும் இதே வயதில் இது வந்திருக்கும் என்றேன்.

அடுத்து மகளின் முடிவு. நான்கு வாரமாக இந்த நோட்டில் எழுதாமல் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்: இன்பவல்லியிடம் அந்த மாற்றம் இல்லை. இல்லவே இல்லை. அம்மாவுக்கு வந்தது அவளுக்கு வராது. டாக்டர் சொல்லி முடித்ததும் அவள் சிரித்தாள், உடனே அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தபடி என்னைப் பார்த்து, உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களாக்கா என்றாள். என் முகம் போன போக்கில் அவளுக்குப் பதில் கிடைத்திருக்கும்.

மரகதம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"சொல்லச் சொல்லக் கேக்காம பட்டறைக்குப் போயிக் கண்ணக் கெடுத்துக்கிட்டாள்னு எட்டு வருசமாச் சொல்றாங்க. நானும் அப்படித்தானுங்க நெனச்சிருந்தேன். ஆசப்பட்டுப் போன வேலைங்க அது. அது எம்பட கண்ணத் திங்கலீங்க."

டாக்டர் தன் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து அவர் பக்கம் வைத்தார். மரகதம் அதைக் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், மகளிடம் போனை வாங்கினார். கம்பெனி நம்பரைப் போடச் சொன்னார். தீபாவளிக்கு முந்தின நாள், இருப்பார்களோ மாட்டார்களோ என்று இன்பவல்லி இழுத்தாள். போடு கண்ணு என்றார். எடுத்துவிட்டார்கள்.

"நானுங்க, இன்பவல்லிக்கு அம்மா பேசறேன். மரகதம். நானும் பதினாறு வருசம் ஷேடு பாத்தவதானுங்க. எம் பொண்ணு திங்கக்கிழமை வேலைக்கு வர்றாளுங்க."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ தெரியாது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, கூசும் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்காமல் மகளைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"ஆமாங்க. என்னையாட்டமே ஷேடு பாப்பாளுங்க."